வெள்ளைக் காரில் படிந்த இரும்புத் தூள்

காரை விற்றுவிடலாம் என்று நான் முடிவு செய்தது மனைவிக்குத் தெரியாது. சொல்லிப் புரியவைக்கும் தெம்பு எனக்கு அப்போது இல்லை. பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கை விழுந்துபோன பிறகு, எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அழுகையிலோ கோபத்திலோ போய் நின்றது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையை மட்டும் பார்த்தேன். காலையில் சமையல், அவளுக்குத் தலை வாரிவிடுவது, பிறகு தளேகாவ் தொழிற்பேட்டையில் என் ஷிப்ட். வந்ததும் துணி, பாத்திரம், மாத்திரை. படுத்தால் உடனே தூக்கம் வந்துவிடும். எழுந்தால் தூங்கின மாதிரியே இருக்காது.

கார் அவளுடையது. அவள் இங்கே, மராட்டிய மண்ணில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள். மாமனாருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. சிஞ்ச்வட்டில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். பழைய ஹைவே நெரிசலில் தினமும் தானே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். நான் கம்பெனி பஸ்ஸில் போகிறவன். லைசென்ஸ் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேரும் எங்காவது கிளம்பினால் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்து சீட்டில் தூங்குவேன்.

அவள் நடக்கத் தொடங்கியதும் அந்தக் காரிலேயே பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிற வேலை எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. பின்பக்கச் சந்தில், ஒரு கிரில் பட்டறையின் சுவரை ஒட்டி நிறுத்துவேன். உள்ளே இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் ஓயாமல் கத்தும். பொறி சுவரைத் தாண்டி வந்து விழுவதை ஒன்றிரண்டு முறை பார்த்தேன். பார்த்தேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவளை இறக்கி, கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் உட்காரவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும்.

மழைக்காலம் முடிந்தபோது வெள்ளை பெயிண்ட் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஷாம்பூ போட்டுத் துடைத்தேன். ஒன்றுகூடப் போகவில்லை.

கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பழைய கார் தேடிக்கொண்டிருந்தார். ஓட்டுவதே எனக்குப் பாரமாக இருந்தது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போதும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டிக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானெட்டில் கையை வைத்துத் தடவினார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"காகா, உப்புத் தாள் மாதிரி இருக்கே" என்றார் மராட்டியில். முழுசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும் போல, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நான் மேலே வந்தபோது மனைவி பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருங்க அது?"

"கம்பெனியில கூட வேலை பாக்கறவரு."

"காரை எதுக்குத் தடவிப் பாக்கறாரு?"

நான் கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விக்கப் போறீங்களா?"

"இனிமே யாரும்மா அதை ஓட்டப் போறா?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "கீழ கூட்டிட்டுப் போங்க. நான் பாக்கணும்" என்றாள்.

லிப்டில் இறங்கி, பார்க்கிங் வரைக்கும் மெல்ல நடந்தோம். பானெட் அருகே நின்றதும் இடது கையால் வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். வலது கைப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. தோளால் தள்ளி உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினாள்.

"நல்லாத்தானே இருக்கு? வழவழன்னு இருக்கே."

பிறகு இடது கையை வைத்தாள். கை அப்படியே நின்றது.

"அரே! மணல் கொட்டி வச்ச மாதிரி இருக்கு."

மறுபடி வலது கை. மறுபடி இடது கை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இந்தக் கைக்கு ஒண்ணுமே தெரியலங்க."

விரல் மடங்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தொட்டால் தெரியவில்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் அவள் வாயால் அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதை எடுக்க முடியுமான்னு கேளுங்க. விக்கறதெல்லாம் அப்புறம்" என்றாள்.

தளேகாவ் ஸ்டேஷன் ரோட்டில் கார் சாமான் விற்கும் கடையில் போட்டோவைக் காட்டினேன். இரும்புத் தூள்தான், பெயிண்ட் அடிக்கத் தேவையில்லை என்று இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று, இரும்பைக் கரைக்கும் ஸ்ப்ரே. இன்னொன்று, பிள்ளைகள் விளையாடும் களிமண் போல இருக்கும் ஒரு கட்டி. கிளே என்றார். ஸ்ப்ரே அடித்துக் கழுவிய பிறகும் மிச்சமிருப்பதை அந்தக் கட்டி தன்னோடு ஒட்டி எடுத்துக்கொள்ளுமாம். சோப்புத் தண்ணீர் விட்டு அழுத்தாமல் தேய்க்க வேண்டும், அழுக்கானால் மடித்துப் புதுப் பக்கத்தை எடுக்க வேண்டும், கீழே விழுந்தால் மட்டும் தூக்கிப்போட்டுவிட வேண்டும், மண் ஒட்டிக்கொண்டு கீறிவிடும் என்றார். கேட்கும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நிழல் இருக்கும்போதே ஆரம்பித்தோம். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். ஸ்ப்ரே அடித்ததும் அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு வழிந்தது. கொஞ்ச நேரத்தில் கதவெல்லாம் ஊதா.

"ச்சீ, என்ன பத்பூ!" என்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். வாட்ச்மேன் ஓடிவந்து பார்த்துவிட்டு, பைப் போட்டுக் கழுவக்கூடாது, பக்கெட்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

கழுவிய பிறகும் சொரசொரப்பு பாதி அப்படியே இருந்தது. கட்டியைத் தட்டி வடை மாதிரி ஆக்கித் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் கரகரவென்று இழுத்தது. போகப்போகச் சத்தம் அடங்கி, கை தானாக வழுக்கியது. மடித்துப் பார்த்தால் உள்ளே கருப்புக் கருப்பாகப் பொடி.

"எனக்கும் அதுல ஒரு துண்டு குடுங்க" என்றாள்.

பிசியோதெரபியில் இதே மாதிரி ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்து, சப்பாத்தி மாவு பிசைவது போல் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். அதை வீட்டில் ஒரு நாளும் அவள் தொட்டதில்லை. ஒருமுறை என் மேலேயே எறிந்தாள்.

"வேண்டாம்மா. இதுல இரும்புத் தூள் இருக்கு. கை கிழிஞ்சாக்கூட உனக்குத் தெரியாது."

"அப்போ கிளவுஸ் போட்டு விடுங்க."

போட்டுவிட்டேன். அவள் நாற்காலியை டிரைவர் பக்கக் கதவுக்கு இழுக்கச் சொன்னாள். வலது கைக்குக் கீழே கட்டியில் கிள்ளிய புதுத் துண்டை வைத்து, மேலே இடது கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித் தேய்த்தாள். துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அதைப் போட்டுவிட்டு வேறொன்று கொடுத்தேன். அதுவும் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பாதி கார் மிச்சம்.

"விடும்மா, நான் பண்ணிக்கறேன்" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது. எனக்கே கேட்டது.

அவள் நிமிர்ந்தாள். "எல்லாத்தையும் நீங்களே பண்றீங்க. யாரு பண்ணச் சொன்னா? உங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தீங்களா? என்னைவிட நீங்கதான் சீக்காளி மாதிரி இருக்கீங்க."

எனக்குக் கோபம் வர வேண்டியது. வரவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆமா, முடியல" என்றேன். அத்தனை மாதத்தில் அவளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்" என்றாள். "நாளைக்கே என் தங்கச்சிக்குப் போன் பண்றேன். கட்கியிலதானே இருக்கா. வாரத்துல ரெண்டு நாள் வந்து இருக்கட்டும். நீங்க வேண்டாம்னு சொன்னதாலதான் நான் கேக்கல."

நான் வேண்டாம் என்றது உண்மைதான். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இப்போது ஒரு துண்டைத் தட்டி அவள் கைக்குக் கீழே வைத்து, விழாமல் நானும் பிடித்துக்கொண்டேன். மூன்று கைகளுமாக அந்தக் கதவைத் தேய்த்தோம். கோணல்மாணலாகத்தான் போனது. முடித்ததும் அவள் இடது கையால் தடவிப் பார்த்து, "பாஸ்" என்று மார்க் போட்டாள். வலது கையை வைத்துப் பார்க்கவில்லை. நானும் வைத்துப் பார் என்று சொல்லவில்லை.

அப்போது என் போன் அடித்தது. அந்தக் கம்பெனிக்காரர். என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்து, "நஹி பையா, காடி நஹி பேச்னி ஹை", கார் விற்பதற்கில்லை என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டாள்.

கூரையும் டிக்கியும் மிச்சம். மெழுகு பூச வேண்டியதும் மிச்சம். நான் போய்த் தெருமுனையில் வடாபாவ் வாங்கிவந்தேன். சாப்பிட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் தொடரலாம் என்றாள். பக்கெட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால், கையில் ஈரக் கிளவுஸோடு, தலையைக் கதவில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். லோனாவாலா பக்கம் போகிற லோக்கல் ரயில் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு கடந்து போனது. அதற்கும் அவள் விழிக்கவில்லை.