ஸ்பேசர் வைத்த ஜீப்

மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகுக் கிடங்கின் லாரி நிற்கும் இடத்தில் ஒருவர் தினமும் ஜீப்பை நிறுத்துவார். நரைத்த மீசை, முழங்கைவரை கிரீஸ். மலைப்பாதையில் வண்டி சாயாமலிருக்க, சக்கரங்களுக்குப் பின்னால் ஸ்பேசர் என்கிற தடித்த வளையங்களை வைத்து அகலப்படுத்தியிருந்தார். அதனால் அவர் வீட்டுச் சந்துக்குள் அது நுழையவில்லை. இறங்கியதும் குந்தி உட்கார்ந்து சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்ப்பார்.

“அந்த வளையங்களைக் கழட்டிட்டா வீட்டு வாசல்லயே நிறுத்தலாமே, சேட்டா?” என்றேன் எரிச்சலோடு.

“வீட்டுக்காரிக்கு மலை வளைவுன்னா பயம். அவளுக்காக வெச்சது.”

“இப்ப பயம் போச்சா?”

“போச்சு. முன்னெல்லாம் வளைவு வந்தா என் தோளைப் பிடிச்சுக்குவா. இப்ப வெளியில காட்டைப் பாத்துட்டு வரா.”

சொல்லிவிட்டு, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை மறுபடி முறுக்கினார். அவர் சொன்னது சந்தோஷமா, குறையா என்று எனக்கு இன்றும் தெரியாது. டிரைவரிடம் எங்கள் லாரியைத்தான் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.