பல்பைக் கழற்றினால் வெளிச்சம் கூடும்

திருவிழாக்களுக்கு எலக்ட்ரிக் விளக்கு வாடகைக்கு விடும் கிருஷ்ணகிரிக் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். நாகரசம்பட்டிக் கூத்துக்கு என்னை முதல்முறையாகத் தனியே அனுப்பும்போது முதலாளி சொன்னார்:

"இது நல்லபடியா நடந்தா நீ வயர்மேன். இல்லைன்னா பழையபடி கடை கூட்டு."

கூத்து மேடை அறுவடை முடிந்த வயலில் இருந்தது. ரைஸ் மில்லிலிருந்து அதுவரை ஒயர் இழுத்து, மேடைக்கு ஐந்தும் வயலைச் சுற்றி ஐந்துமாக இருநூறு வாட் பல்புகள் பத்து மாட்டினேன். பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் சோகையாக இருந்தது.

வருஷா வருஷம் அந்தக் கூத்துக்குப் பெட்ரோமாக்ஸ் கொண்டுவரும் பச்சையப்பன் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"தம்பி, உங்க கரண்டுக்குப் பம்ப் அடிக்கிற எடம் எங்க இருக்குது?"

சனம் சிரித்தது. ஊர்க்கவுண்டருக்கு மானப் பிரச்சினை. "என்னாப்பா இது? மிச்சம் இருக்கிற பல்பையும் மாட்டு. வண்டி நிக்கிற எடம், புளியமரம், எல்லாத்துக்கும் போடு" என்றார். பெட்ரோமாக்ஸ் மங்கினால் காற்றடித்துப் பழகிய ஊர். பல்பு மங்கினால் இன்னும் பல்பு போடுவதுதானே நியாயம்? மீதி ஐந்தையும் மாட்டினேன். எல்லாப் பல்பும் செம்பழுப்பாகிவிட்டது.

துரியோதனன் வேஷத்தில் இருந்த கூத்து வாத்தியார் எட்டிப் பார்த்தார். "நான் துரியோதனனா திரௌபதியான்னு சனம் கேக்கும்பா. இப்படியே இருந்தா நான் வேஷத்தைக் கலைச்சிடறேன்."

மீட்டர்களை எடுத்தேன். மில்லில் 230 வோல்ட் இருந்தது. மேடையில் 170. கரண்ட் 10 ஆம்பியர். வழியில் காணாமல் போனது 60 வோல்ட். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ்: 60-ஐ 10-ஆல் வகுக்க 6 ஓம்ஸ். அது ஒயரின் ரெசிஸ்டன்ஸ். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் பவர்: 60 வோல்ட், 10 ஆம்பியர், 600 வாட். மூன்று பல்பின் சக்தி வயலில் ஒயரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகவே இருந்தது.

ரெசிஸ்டன்ஸ் குறைந்த தடித்த ஒயர் கைவசம் இல்லை. ஐந்து பல்பு மட்டும் எரிந்தால் கரண்ட் 4 ஆம்பியருக்கு இறங்கும். நான்கை ஆறால் பெருக்கினால் 24 வோல்ட்தான் வழியில் போகும். மேடைக்கு 206 கிடைக்கும்.

"கவுண்டரே, பத்து பல்பைக் கழட்டணும்."

"இருக்கிற வெளிச்சத்தையும் புடுங்கறியா? உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

"மேடைக்கு மட்டும் விட்டுடறேன். சரியா வரலைன்னா நானே பச்சையப்பண்ணனைக் கூப்பிடறேன்."

புளியமரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்று கழலக் கழல மேடை வெளுத்துக்கொண்டே வந்தது. பத்தாவது கழன்றபோது துரியோதனன் மீசை கடைசி வரிசைக்கும் தெரிந்தது. வாத்தியார் ஒரு சுற்று ஆடியே காட்டினார்.

ஆனால் வண்டி நிற்கும் இடம் இருட்டு. கவுண்டர் என்னைப் பார்த்தார், நான் பச்சையப்பனைப் பார்த்தேன். அவர் விளக்குகளை முன்யோசனையாகக் கொண்டே வந்திருந்தார்.

"அப்படி வா வழிக்கு" என்று பம்ப் அடிக்க உட்கார்ந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான்: பல்பு மங்கினால் பல்பைத் திட்டாதீர்கள், இன்னொன்றையும் மாட்டாதீர்கள். ஒயரின் இரண்டு முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். முதலாளி எனக்கு வயர்மேன் வேலை கொடுத்தார். மறு வருஷக் கூத்துக்கு நாகரசம்பட்டியார் என்னையும் பச்சையப்பனையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.