ரெண்டு மேடம்

வாயில் பிரஷ் இருக்க, குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவிமேல் விரலால் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார் பேராசிரியை. ஆவி கரைவதற்குள் கடைசி வரிக்கு வந்துவிட வேண்டும். அது அவருக்கு அன்றாடப் பந்தயம். பின்னால் துண்டோடு காத்திருக்கும் கணவருக்கு இயற்பியல் தெரியாது, மனைவியைத் தெரியும். "எல்லாம் சரி, ரெண்டு எங்க?" என்பார் குத்துமதிப்பாக. பாதி நாள் அது பலித்துவிடும்.

ஒளியைச் சொட்டுச் சொட்டாக எண்ணுவதுதான் அவர் பிழைப்பு. இரண்டு சொட்டுகள் சந்தித்தால் என்ன செய்யும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடுவார். சொல்லும்போதே முகம் பூத்துவிடும்: "ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே வாசல் வழியா போகுதுங்க, ஸ்கூல் விட்ட பிள்ளைங்க மாதிரி!" அந்தக் குதூகலத்தில் எங்கோ இரண்டால் பெருக்க மறந்துபோகும். கடைசி வரிசையில் யாராவது வாயைத் திறக்காமல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு இதுவே வழக்கமாகி, பெயரும் ஒட்டிக்கொண்டது: ரெண்டு மேடம். தொலைபேசியில் அவரே, "ரெண்டு பேசறேன்" என்பார்.

அவருடைய கோட்பாடு ஒன்று சோதிப்பாரற்றுப் பல வருடம் கிடந்தது. ஒரு சொட்டு வரும் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி வரைபடம் போட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழுவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைத் தாண்டி, இன்ன தூரத்தில், சின்னதாக இன்னொன்றும் விழும் என்றது அது. கீழ்த்தளத்து ஆய்வகக்காரர் ஒருவழியாகச் செய்து பார்த்தார். பள்ளம் விழுந்தது, ஆனால் சொன்ன தூரத்தில் சரிபாதியில்.

"வழக்கமான ரெண்டுதான் மேடம், தேடிப் பாருங்க" என்று சிரித்தார் அவர்.

பேராசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு இடத்தில் இரண்டு போனால் கோட்பாடே போயிற்று. பலகையில் தேடினார், காகிதத்தில் தேடினார், குளியலறையிலும் தேடினார். எங்கும் அந்த இரண்டு அசையாமல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"இந்தத் தடவை நான் விடலைங்க. ஆனா யாரு நம்புவா?" என்றார் கணவரிடம்.

"புலி வருது கதைதான். நேர்ல போய்ப் புலியைப் பாரேன்."

போனார். ஆய்வகக்காரர் வாசலிலேயே மறித்தார். "கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க மேடம். நீங்க மேஜையில சாஞ்சா என் ஒரு மாச வேலை காலி."

பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கைகட்டி நின்றார். இருட்டில் ஒரு குட்டிக் கண்ணாடி மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகர்ந்தது.

"இதை எவ்வளவு தள்ளறேனோ, ஒளிக்கு அவ்வளவு தூரம் கூடுது. அதைத்தான் படத்துல போட்டிருக்கேன்."

"போகும்போது சரி" என்றார் பேராசிரியை மெல்ல. "போன ஒளி கண்ணாடியிலயே குடித்தனம் பண்ணிடுமா? திரும்பி வர வேண்டாமா?"

ஆய்வகக்காரரின் வாய் திறந்தது. படத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று இரண்டால் பெருக்கினால், பள்ளம் சொன்ன இடத்தில்தான் விழுந்திருந்தது.

"ஐயோ மேடம்... அப்ப நான்தான்..."

பேராசிரியை கட்டியிருந்த கையை அவிழ்த்து, மேஜையில் படாமல், மெதுவாக, தலைக்கு மேலே, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.