கரிமூட்டத்துக்குப் பூசிய பச்சை

ஒரு சிறுமியின் ஓவியத்தை நான் அழித்தேன். அதோடு நிற்கவில்லை; பழியையும் அவளையே சுமக்க விட்டேன்.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். அருப்புக்கோட்டையில் எந்த மேடை கிடைத்தாலும் ஏறி, "கலை இல்லாத பள்ளி பள்ளியே அல்ல" என்று முழங்கும் ஓவிய ஆசிரியன் நான்தான். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக வரையச் சொல்லிக்கொடுப்பவனும் நானே. கைதட்டியிருப்பீர்கள். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்...

நான் வேலை பார்ப்பது திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில். அங்கே ஓவிய ஆசிரியன் என்றால் யார் தெரியுமா? வாசல் பலகையில் 'வருக வருக' எழுதுகிறவன். சுதந்திர தினத்துக்குத் தோரணம் கட்டுகிறவன். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பை மேய்க்கிறவன். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"மாவட்டப் போட்டியில பரிசு வாங்கிக் காட்டுங்க சார். இல்லைன்னா உங்க பீரியடை கணக்கு வாத்தியாருக்கு விட்டுருங்க."

என் வகுப்பில் முத்துமாரி இருந்தாள். எட்டாம் வகுப்பு. வேலிக்கருவை மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசிக் கரியாக எரிக்கும் மூட்டத்தில் அவள் அம்மாவுக்குக் கூலி வேலை. போட்டிக்கு அவள் வரைந்து வந்தது அதைத்தான்; அந்த மூட்டத்தின் கரியாலேயே வரைந்திருந்தாள்! புகையும் மூட்டம், பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய அம்மா. முகமெல்லாம் கறுப்பு, கண் மட்டும் காகிதத்தின் வெள்ளை. அப்படி ஒரு படத்தை நான் வாழ்நாளில் வரைந்ததில்லை.

அதன் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

நடுவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இரண்டு மலை வேண்டும், நடுவே சூரியன் வேண்டும், தென்னை வேண்டும். படங்களை அனுப்புவதற்கு முந்தைய மாலை, எல்லோரும் போனபின், போஸ்டர் கலரைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூட்டத்துக்குப் பச்சை பூசினேன், மலையாயிற்று; பக்கத்தில் இன்னொரு மலை, நடுவே சூரியன். புகையை வெளுத்தேன், மேகமாயிற்று. அம்மா நின்ற இடத்தில் தென்னை... ஆம், அந்தக் கண்ணின் மேலும் தூரிகையை இழுத்தேன்!

முதல் பரிசு! ஓவிய வகுப்பு பிழைத்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஆண்டு விழாவில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வைத்தோம். முத்துமாரியே அன்றுதான் அதைப் பார்த்தாள். 'உன்னத்தான் வரைஞ்சிருக்கேன்' என்று மகள் சொன்னதை நம்பி, அவள் அம்மாவும் நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு சார், பச்சப்பசேல்னு," என்றவர், மகள் பக்கம் குனிந்தார். "ஏத்தா, இதுல நான் எங்க நிக்கிறேன்?"

முத்துமாரி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! பக்கத்தில் தலைமையாசிரியர் நின்றார். நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"நாந்தாம்மா மாத்திட்டேன். கரியா இருந்தா அசிங்கமா இருக்கும்ல," என்றாள் முத்துமாரி.

"அதுவுஞ் சரிதான்," என்ற அந்தத் தாய், தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அதன்பின் முத்துமாரி வரையவே இல்லை. என் வகுப்பில் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்? இப்போது பாளையம்பட்டியில் ஒரு கடையில் பில் போடுகிறாள். பஸ்ஸில் பார்த்தால் எழுந்து, "உக்காருங்க சார்" என்கிறாள். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு வகுப்பைக் காப்பாற்றத்தானே செய்தாய் என்று நீங்கள் எனக்காக வாதாடலாம். நானும் அப்படி வாதாடிப் பார்த்தவன்தான். காப்பாற்றிய வகுப்பில் இன்று என்ன நடக்கிறது? தலைமையாசிரியர் அறையில் தொங்கும் அந்தப் படத்தைப் பார்த்து, ஒரு மலையைக்கூட நேரில் பார்க்காத பிள்ளைகள், இரண்டு மலையும் ஒரு சூரியனும் வரைகிறார்கள்!

கரியின் மேல் வண்ணம் நிற்காது. இதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஒவ்வொரு கோடையிலும் பச்சை உதிர்கிறது. முதலில் அந்தத் தலைத்துண்டு தெரிகிறது, பிறகு முகம். அதிகாரிகள் ஆய்வுக்கு வருமுன் தலைமையாசிரியர் கூப்பிடுவார்.

"சார், படம் கறுத்துப்போச்சு. லேசா டச்சப் பண்ணிருங்க."

போன வாரமும் பூசினேன்.