மீன் கழுவின தண்ணியும் ஒலிவ மரமும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒரு செடி பிழைத்த கதையை யார் படிப்பார்கள், அதுவும் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி? ஆனால் அன்று காலை பார்த்ததை யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் எனக்குக் கிண்டல்தான் வரும்.

அடையாறில் ஒரு நர்சரியில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். அபிராமபுரம் வீடுகளில் செடிகளைக் கொண்டுபோய் இறக்குவது வேலை. ஒருமுறை வெளியூரிலிருந்து ஒலிவ மரங்கள் தொட்டியோடு வந்தன. வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மீன் விற்றுவிட்டு அப்போதுதான் குப்பத்துக்குத் திரும்பியிருந்த அம்மா கூடையைக்கூட இறக்கவில்லை.

“இன்னாடா சொல்ற? சிலுவைக்குப் போறதுக்கு முன்னாடி சாமி முட்டி போட்டு அயுதாரே, அந்த மரமா?”

“அதே மரம் இல்லம்மா. அதுக்குத் தூரத்துச் சொந்தம்.”

“என்ன இட்டுக்கினு போ.”

நர்சரியில் புசுபுசுவென்று நின்ற மரங்களை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் கிளை ஒடிந்து நின்றதைத் தொட்டாள். “இதான் அயுத மாரி கீது.”

கூட வேலை செய்யும் என் நண்பன் சும்மா இருப்பானா? “இந்த வெயில்ல காய்க்காது அத்த. அதுக்குக் குளிர் வோணும்.”

“காய்க்காட்டி இன்னா? இவன வளத்தேன், இவன் மட்டும் காய்ச்சிட்டானா?”

அம்மாவுக்கு வேண்டியது காய் இல்லை. வருகிற குருத்தோலை ஞாயிறன்று ஓலையோடு இதன் கிளை ஒன்றையும் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதையே வாங்கி வந்து, வாசலில் மீன் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நட்டாள். எங்கள் குப்பத்தில் மீன் கழுவின தண்ணீர்தான் செடிக்கு உரம். முருங்கையும் செம்பருத்தியும் அதைக் குடித்துத்தான் கூரையைத் தாண்டின. சாமி மரம் என்று தெரிந்ததும் தெருவே வந்தது. போகிறவள் ஒரு செம்பு, வருகிறவள் ஒரு செம்பு. பக்தியிலேயே அதை முக்கிவிட்டார்கள். இலை பழுத்துக் கொட்டியது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

நண்பன் வந்து மண்ணில் விரலை விட்டு முகர்ந்தான். “மச்சி, இது மண்ணு இல்ல, மீன் கொயம்பு.”

பிடுங்கிப் பார்த்தோம். பாதி வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. வெட்டி எறிந்தோம். ஓட்டை விழுந்து கிடந்த பழைய பைபர் படகின் மூக்கை அறுத்து, செங்கல் துண்டும் மணலும் நிரப்பி, மரத்தை அதில் நட்டு, கடலைப் பார்த்த மூலையில், நிழலே விழாத இடத்தில் வைத்தோம். தண்ணீர் ஊற்றினால் அடியில் ஓடிவிடும். அம்மா காவலுக்கு உட்கார்ந்தாள்.

“கும்புடறதுன்னா கும்புட்டுட்டுப் போ. செம்ப அங்கியே வெய்யி!”

மரம் மொட்டையாகவே நின்றது. குச்சிக்குக் காவல் என்று நான் கிண்டல் செய்தேன். அம்மா குச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு காலையில் அம்மா என்னைத் தட்டி எழுப்பி, கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். ஒடிந்த கிளைக்குக் கீழே, செத்த கட்டை என்று நான் நினைத்த இடத்திலிருந்து, ஒரு கொத்துப் புது இலை. மேலே பச்சை. கடல் காற்று ஒருமுறை அடித்தது. எல்லா இலையும் சேர்ந்து திரும்பின. அடிப்பக்கம் முழுக்க வெள்ளி. வலைக்குள் மத்திக் கூட்டம் ஒரே நேரத்தில் புரளுமே, அப்படி. மறுபடி காற்று, மறுபடி வெள்ளி. எங்கேயோ ஒரு மலையில் நிற்க வேண்டியது, எங்கள் வாசலில், உடைந்த படகில் நின்று மினுக்குகிறது. வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன், எப்போது கழற்றினேன் என்று தெரியாது.

கோயில் மணி அடித்தது. கத்தியை எடுத்து வந்து நீட்டினேன்.

“ஒடிக்கறதா? கை வருமாடா?” என்றாள் அம்மா. வெறும் ஓலையோடு தெருவில் இறங்கிப் போனாள். திருப்பத்தில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

நான் மரத்தைப் படம் பிடித்து நண்பனுக்கு அனுப்பினேன். ‘பொயச்சிக்கிச்சி. அம்மா ஒடிக்கல’ என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது: “இரு மச்சி, எங்கம்மாவ இட்டுக்கினு வர்றேன், தொட்டுப் பாக்கணுமாம்.”