ஒன்று தெரியாத மிஷின்

திண்டிவனத்தில் அருள்ராணி டைப் அடித்தால், ஸ்டேஷனில் நிற்கிறவன் ரயில் வந்துவிட்டதென்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வான். அவள் கார்பன் தாளில் புகை கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம். முகையூரில் பிறந்தவள். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. தேவநாதன் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒன்பது வருஷமாக அவள்தான் மிஸ். அவள் விரலைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வந்து சேர்ந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

1988-இல் தேவநாதன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு ஏ.சி. அறை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அருள்ராணியைப் பத்து நாள் பயிற்சிக்கு மெட்ராசுக்கு அனுப்பினார். அங்கே ஒரு மிஷினுக்கு ஆறு பேர். கீபோர்டு கடைசிவரை அவள் கைக்கு வரவில்லை. எட்டி எட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். சி மொழியில் புரோகிராமை அடிக்க வேண்டியது. பிறகு கறுப்புத் திரையில், அதை மிஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருகிற கம்பைலரின் பெயரையும் புரோகிராமின் பெயரையும் ஒரே வரியில் அடித்து எண்டரைத் தட்ட வேண்டியது. தப்பிருந்தால் எந்த வரியில் என்று அதுவே சொல்லும். “இவ்ளோதான் சார்” என்றாள் ஊர் திரும்பி.

கம்ப்யூட்டர் படிக்க முதலில் சேர்ந்தவள் தையல்நாயகி. மயிலம் பக்கத்துக் கிராமம், கணக்கில் பி.எஸ்ஸி., கல்யாணமாகி நாலு வருஷம். மாமனார் சுப்பராயலுவைச் சம்மதிக்க வைக்கவே அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. டைப்பிங் தெரியாது. ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துவாள்.

“ஏம்மா, கோழி கேப்பை பொறுக்கற மாதிரி பொறுக்கினு இருக்கியே?” என்பாள் அருள்ராணி.

“பொறுக்கினாலும் வயிறு ரொம்புதே மிஸ்.”

கம்ப்யூட்டர் அறையின் திறப்பு விழாவுக்கு முதல் நாள், பதினாறாம் வாய்ப்பாடு போடும் புரோகிராமை அப்படித்தான் முக்கால் மணி நேரம் குத்தினாள். கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. வாய்ப்பாடு கடகடவென்று திரையில் வந்து நின்றது.

“நாளைக்கு நான் அடிக்கிறேன். பெரிய மனுசங்க வர்ற எடத்துல நீ பொறுக்கினு இருந்தா மானம் போயிடும்” என்றாள் அருள்ராணி.

மறுநாள் பங்குச் சாமியார் வந்தார், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர்கள் வந்தார்கள், மருமகள் என்னதான் படிக்கிறாள் என்று பார்க்கச் சுப்பராயலுவும் வந்தார். அருள்ராணி அதே புரோகிராமை ஒன்றரை நிமிஷத்தில் அடித்து முடித்தாள். கைதட்டினார்கள். எண்டரைத் தட்டினாள்.

திரை முழுக்கத் தப்பு. ‘1’ என்று ஒன்றை நான் அறியேன் என்றது முதல் வரி.

“என்னம்மா சொல்லுது?” என்றார் தேவநாதன்.

“ஒண்ணுன்னா இன்னான்னு தெரியலையாம் சார்.”

“எங்கூட்டு எருமைக்கே தெரியுமே!” என்றார் ஒரு மண்டிக்காரர். அறை சிரிப்பில் அதிர்ந்தது.

அருள்ராணியின் முகம் எரிந்தது. வாய் அவளைக் கேட்காமலே பேசியது. “நேத்து தையல்நாயகிதான் சார் உக்காந்து கண்டதையும் குத்திக்கினு இருந்தா. அவதான் கெடுத்து வெச்சிட்டா.”

சுப்பராயலு எழுந்தார். மருமகளைப் பார்த்து, “கெளம்பு” என்றார். அதோடு அவள் படிப்பு நின்றது.

எல்லாரும் போன பிறகு அருள்ராணி தையல்நாயகியின் நேற்றைய பிளாப்பியைப் போட்டாள். ஓடியது. தன்னுடையதைப் போட்டாள். மறுபடியும் தப்பு. இரண்டையும் அச்செடுத்து, அடிக்கோலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டாள். தையல்நாயகியின் ஒன்றுக்கு மூக்கு வளைந்திருந்தது. இவளுடையதற்கு இல்லை.

இன்ஸ்டிட்யூட்டின் பழைய டைப்ரைட்டர்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி கீ கிடையாது. இங்கிலீஷ் சின்ன ‘எல்’லைத் தட்டினால் அதுதான் ஒன்று. ஒன்பது வருஷம் அப்படித்தான் அடித்தாள், அப்படித்தான் சொல்லியும் கொடுத்தாள். காகிதத்தில் படிக்கிறவர்களுக்கு அது ஒன்று. கம்பைலருக்கு எல் எல்தான்.

மறுநாள் சாயங்காலம், சொல்லிவிடலாம் என்றுதான் தேவநாதனிடம் போனாள். அவர் முந்திக்கொண்டார். “பாண்டிலேந்து ஆள் வந்து பாத்துட்டாரும்மா. மிஷின் நல்லா கீதாம். அந்தப் பொண்ணாலதான் பேஜாரு. உடு, போய்த் தொலையட்டும்.”

“சரிங்க சார்” என்றாள்.

அந்தச் ‘சரிங்க’வோடு பதினோரு நாள் குடித்தனம் நடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நழுவி வெளியே வந்தாள். உள்ளே காது கொடுக்கிற சாமியாரும் விழாவில் உட்கார்ந்து சிரித்தவர்தானே.

பன்னிரண்டாம் நாள் மயிலம் பஸ் ஏறினாள். தையல்நாயகி வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“தையலு, தப்பு ஒம்மேல இல்ல. ஒண்ணுக்குப் பதிலா நான் எல் அடிச்சிட்டேன்.”

தையல்நாயகி தோலை ஊதித் தள்ளினாள். “தெரியும் மிஸ்.”

“தெரியுமா?”

“நீங்க அடிக்கசொல்லவே பாத்தேன். ஒண்ணு வர்ற எடத்துலல்லாம் மேல் வரிசைக்கு உங்க வெரல் போவவே இல்ல.”

“பின்ன ஏன் வாயத் தொறக்கல?”

“அத்தினி பேர் முன்னாடி மிஸ்ஸை எப்பிடி உட்டுக்குடுக்கறது?”

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்திருந்தால்கூட அருள்ராணி நின்றிருப்பாள். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சுக் கேட்டுச் சுப்பராயலு வெளியே வந்தார். முழுக்கதையையும் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “எழுத்து எது, எண்ணு எதுன்னு தெரியாத எடத்துக்கா எங்கூட்டுப் பொண்ணை அனுப்பினேன்?”

“ஆமாங்க.”

“எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு? அன்னிக்குக் கேட்டது அத்தினி பேரு. அவங்களாண்ட போய்ச் சொல்லு. அப்பால அனுப்பறேன்.”

சொன்னாள். தேவநாதனிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சாமியார் வெகுநேரம் இருமினார். அது இருமல்தானா என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியாக மண்டி. மூட்டைகளுக்கு நடுவே நின்று சொல்லி முடித்ததும், எருமைக்காரர் கேட்டார்:

“அப்ப மிஷினுக்கு ஒண்ணு தெரியுமாம்மா?”

“தெரியுங்க. எனக்குத்தான் தெரியல.”

மண்டி சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு அரை நாழிகை ஆடிக்கொண்டிருந்ததாம்.

திங்கட்கிழமை காலை தையல்நாயகி வந்தாள். செருப்பை வெளியே விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்து, “வணக்கம் மிஸ்” என்றாள். எப்போதும் சொல்கிற அதே மரியாதையான குரல்தான். மண்டியின் சிரிப்பையெல்லாம் நின்று வாங்கிக்கொண்ட அருள்ராணிக்கு அந்த ஒரு வணக்கத்துக்கு முகம் கொடுக்க முடியவில்லை. பிளாப்பியைத் தேடுகிறவள் போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.