திவசத்தன்று காகத்துக்குச் சோறு வைக்காதவள்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாள்களும் முன்பின்னாக மறந்துபோகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். கடற்பறவைகள் செங்குத்துப் பாறைகளில் முட்டையிடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இங்கே பாறைக்கு எங்கே போவது? சிறு ஆலா என்கிற கடற்பறவைகள் இரண்டு பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியை எடுத்துக்கொண்டன. அங்கே கொட்டிக் கிடந்த சல்லிக்கல்லில், கூடு கட்டாமலே இரண்டு முட்டைகள். மகள் தந்த போனை பல்கனிக் கம்பிக்குள்ளால் நீட்டித் தினமும் படம் எடுத்தேன். கல் எது, முட்டை எது என்று படத்தைப் பெருப்பித்தால்தான் தெரியும்.

ஒரு முட்டை போனது என்னால்தான். மதியம் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டே சாப்பிடுவேன். அப்படி வந்த காகமொன்று எதிரே முட்டைகளைப் பார்த்துவிட்டது. ஆலாக்கள் கத்திக் கத்தித் துரத்தியும் முட்டையைக் கொத்திக் குடித்தது. அன்றோடு சோறு வைப்பதை நிறுத்தினேன்.

மற்றது பொரித்துக் குஞ்சு தத்தித் திரிந்தபோது என் கணவரின் திவசம் வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அவருடைய தங்கை, படையல் சோற்றை வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு பல்கனிக்கு நடந்தார். நான் கதவை மறித்து நின்றேன்.

"விலகுங்கோ மச்சாள். அண்ணை பசியோட நிப்பார்."

"இங்க வைக்க விடமாட்டன்."

"ஒரு குருவிக்காகவோ? ஆக்கள் கேட்டாச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். அவர் காகமா வந்தாலும் முதல்ல அந்தக் குஞ்சைத்தான் பார்ப்பார். ஒருநாளாவது வெறும் மரக்கறியோட சோறு திண்ட மனுசனே?"

அவருடைய தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"இவ்வளவு வருசமா வாய் திறக்காத ஆள், இப்ப நல்லாக் கதைக்கிறியள்."

"ஓம், கதைக்கிறன். சோத்தை உங்கட வீட்டு மதில்ல வையுங்கோ. அவர் பிறந்த வீடுதானே, வழி தெரியும்."

சோற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சொல்லாமலே போனார். பிறகு வெகுநாள் போன் எடுக்கவில்லை. பாவமென்றால் அது என் தலையில் இருக்கட்டும். குஞ்சு கடல் பக்கம் பறந்தது. என் படத்தில் அது ஒரு வெள்ளைக் கீறல் மட்டும்தான். வருகிற வருடம் ஆலா வந்தாலும் சோறு வைக்க மாட்டேன்.

பொரித்து மூன்று கிழமையில் பறந்ததென்று நினைக்கிறேன். சிறு ஆலா என்ற பெயரும் மீன்காரர் சொன்னதுதான். படங்களில் திகதி இருக்குமாம். எனக்குப் பார்க்கத் தெரியாது. தெரிந்த யாராவது நாளையும் பெயரையும் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.